சூளையில் வெடித்த விலங்குகள்

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில், ஸ்விங்கர் என்கிற பழைய அரண்மனை வளாகத்தின் பீங்கான் காட்சிக்கூடத்தில் ஒரு காண்டாமிருகம் நிற்கிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். முழுக்கப் பீங்கான். அதன் மேல் தோல் மாதிரி எதுவும் இல்லை, போர்க்கவசம்தான் இருக்கிறது. தட்டுத் தட்டாக, கொல்லன் அடித்துப் பூட்டிவிட்டது போல. கால்களில் மீன் செதில். மூக்கில் ஒரு கொம்பு, அது சரி. ஆனால் பிடரி முடியும் இடத்தில் இன்னொரு சின்னக் கொம்பு, திருகாணி மாதிரி முளைத்து நிற்கிறது. உலகத்தில் எந்தக் காண்டாமிருகத்துக்கும் அந்த இடத்தில் கொம்பு கிடையாது.

செய்தவர் யோஹான் கோட்லீப் கிர்ஷ்னர் என்ற சிற்பி, 1731ஐ ஒட்டி. அவர் காண்டாமிருகத்தைப் பார்த்ததில்லை. எதைப் பார்த்துச் செய்தார்? ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1515இல் வெளியிட்ட மரச்செதுக்கு அச்சுப்படத்தை. சரி, ட்யூரர்? அவரும் பார்த்ததில்லை.

கதை குஜராத்தில் தொடங்குகிறது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா, போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசாக அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? 1515 ஜனவரியில் கோவாவில் கப்பலேற்றி, லிஸ்பனில் இருந்த மன்னர் மனுவேலுக்குத் தள்ளிவிட்டார். மே 20 அன்று கரையிறங்கியது. போர்த்துகீசியர் அதைக் 'கண்டா' என்றே அழைத்தார்கள். இந்தியப் பெயரும் கூடவே கப்பலேறிப் போயிருக்கிறது. காதில் விழுந்தால் நமக்கு அந்நியமாக இருக்காது. யானையும் காண்டாமிருகமும் ஜென்மப் பகை என்று பழைய ரோமானிய நூல்கள் சொல்கின்றன அல்லவா, பார்த்துவிடுவோம் என்று மனுவேல் இரண்டையும் மோதவிட ஏற்பாடு செய்தார். யானை ஓடிப்போனது. அந்த வருஷக் கடைசியில் காண்டாமிருகத்தைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். 1516 தொடக்கத்தில் இத்தாலியக் கரையோரம் கப்பல் மூழ்கியது. நீந்தத் தெரிந்த விலங்குதான். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் மூழ்கிப்போனது.

நியூரம்பர்க்கில் இருந்த ட்யூரருக்குக் கிடைத்தது லிஸ்பனிலிருந்து வந்த ஒரு வர்ணனையும் ஒரு கோட்டோவியமும். மிச்சத்தை அவர் கை நிரப்பிக்கொண்டது. அந்தக் கவசமும் செதிலும் இரண்டாம் கொம்பும் இருநூறு வருஷம் ஐரோப்பாவில் காண்டாமிருகத்தின் அதிகாரபூர்வமான உருவமாக இருந்தன. நிஜ விலங்கு கடலடியில், பொய் விலங்கு எல்லாப் புத்தகத்திலும். கிர்ஷ்னரின் கைக்கு வந்தபோது அந்தப் பொய்க்கு நல்ல வயசாகியிருந்தது.

மட்பாண்டத்தில் கற்பனை வடிவம் என்றதும் இந்த மாதிரி இல்லாத கொம்பைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். மைசென் விலங்குகளின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு அது சந்தேகமாகிவிட்டது. கொம்பு சும்மா கிடைத்தது. கற்பனை வேலை செய்த இடம் வேறு என்று நினைக்கிறேன்.

*

சாக்சனியின் அதிபதியும் போலந்தின் மன்னருமான அகஸ்டஸை 'பலசாலி அகஸ்டஸ்' என்பார்கள். குதிரை லாடத்தை வெறுங்கையால் முறித்தவர் என்று பெயர். அவருக்கு ஒரு வியாதி இருந்தது. அதை அவரே வியாதி என்றுதான் சொல்லிக்கொண்டார்: பீங்கான் வியாதி. ஆரஞ்சுப் பழத்தின் மேல் உள்ள ஆசை மாதிரி இதுவும் அளவு தெரியாத ஆசை என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் டச்சுக் கப்பல்களில் வந்த பாண்டங்களை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார்.

குவித்ததற்கு ஒரு உதாரணம் போதும். 1717இல் பிரஷ்யாவின் மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியமிடம் 151 சீனப் பாண்டங்கள் இருந்தன. அவருக்குப் பாண்டத்தில் நாட்டமில்லை, படையில் நாட்டம். அகஸ்டஸ் தன் குதிரைப்படை வீரர்களில் 600 பேரைக் கொடுத்துப் பாண்டங்களை வாங்கிக்கொண்டார். குதிரையும் ஆயுதமும் சேர்த்தி இல்லை, ஆட்கள் மட்டும். ஒரு பாண்டத்துக்கு நாலு ஆள் வீதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த வீரர்களைக் கொண்டு பிரஷ்யாவில் அமைந்த பிரிவுக்குப் 'பீங்கான் ரெஜிமென்ட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இடுப்பளவு உயரமுள்ள அந்த நீல-வெள்ளை ஜாடிகளை இன்றும் 'டிராகூன் ஜாடிகள்', அதாவது குதிரைப்படை ஜாடிகள் என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த அறுநூறு பேரில் ஒருவர் பெயர்கூட எந்த ஜாடியின் அடியிலும் இல்லை.

வாங்கினால் போதுமா? செய்ய வேண்டும். இங்கேதான் சிக்கல். பீங்கானை எப்படிச் செய்கிறார்கள் என்று ஐரோப்பாவுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிறது, ஆனால் கண்ணாடி இல்லை. கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் கல் இல்லை. தட்டினால் மணியோசை. அதற்கு அவர்கள் வைத்த பெயரே ஒரு குழப்பத்திலிருந்து வந்தது. இத்தாலியில் சோழிக்குப் 'போர்செல்லானா' என்று பெயர். சோழியின் வளைந்த முதுகு பன்றிக்குட்டியை நினைவூட்டியதால் வந்த பெயர் என்பார்கள். சோழியின் பளபளப்பு இந்தச் சீனப் பாண்டத்திலும் இருந்ததால் பெயர் இங்கே தாவியது. ஆக, ஆங்கிலத்தில் போர்சலின் என்று சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒரு பன்றிக்குட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நம்முடைய 'பீங்கான்' பாரசீகத்திலிருந்து வந்த சொல், அதில் விலங்கு வாடை இல்லை.

ரகசியத்தை உடைத்தது ஒரு கைதி. யோஹான் ஃபிரெடரிக் போட்கர், 1682இல் பிறந்தவர், பெர்லினில் மருந்துக்கடை உதவியாள். ரசவாதத்தில் இறங்கி, பொன் செய்யத் தெரியும் என்று பந்தா காட்டியிருக்கிறார். விஷயம் பிரஷ்ய மன்னர் காதுக்குப் போனது. 1701இல் தப்பித்துச் சாக்சனிக்கு ஓடினார். அங்கே அகஸ்டஸ் பிடித்து வைத்துக்கொண்டார். வாணலிக்குப் பயந்து அடுப்பில் விழுந்த கதைதான். 'பொன் செய், அப்புறம் விடுகிறேன்.' பத்தொன்பது வயசுப் பையன், செய்ய முடியாத ஒன்றைச் செய்வேன் என்று சொல்லிவிட்டு, அதைச் செய்யும்வரை சிறை. பதின்மூன்று வருஷம் கோட்டை மாற்றிக் கோட்டையில் கிடந்தார்.

பொன் வரவில்லை. ஆனால் சிர்ன்ஹவுஸ் என்ற மூத்த அறிஞர் அவரைக் களிமண் பக்கம் திருப்பினார். பெரிய வில்லைகளால் சூரிய ஒளியைக் குவித்து மண்ணையும் கல்லையும் உருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மைசென் கதையில் பாதிப் புகழ் அவருக்குச் சேர வேண்டியது. 1708 அக்டோபரிலேயே இறந்துபோனதால் கிடைக்காமல் போயிற்று. 1708 ஜனவரியில் போட்கரின் குறிப்பேட்டில் வெள்ளையான, ஒளி ஊடுருவுகிற வார்ப்பு ஒன்று பதிவாகிறது. வெண்களிமண்ணான கயோலினை, சூட்டில் அதை உருகிப் பிடிக்கவைக்கும் இன்னொரு கனிமத்தோடு கலந்து, 1300 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சுட்டால் பீங்கான். அவ்வளவுதான் ரகசியம். 1710இல் எல்பெ ஆற்றின் கரையில், மைசென் நகரத்து ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டைக்குள் பட்டறை தொடங்கியது. ஏன் கோட்டை? ரகசியம் வெளியே போகாமல் இருக்கத்தான். 1714இல் போட்கருக்கு விடுதலை. சூளைப் புகையும் குடியும் தின்றது போக மிச்சமிருந்த உடம்போடு ஐந்து வருஷம் இருந்தார். 37 வயதில் இறந்தார்.

*

1720களின் கடைசியில் அகஸ்டஸுக்கு ஒரு யோசனை வந்தது. ட்ரெஸ்டனில் ஆற்றங்கரையில் ஒரு மாளிகையை வாங்கி விரிவுபடுத்திக்கொண்டிருந்தார். அதற்கு ஜப்பானிய அரண்மனை என்று பெயர். கீழ்த்தளத்தில் சீன, ஜப்பானியப் பாண்டங்கள். மேல்தளத்தில் முழுக்க மைசென். கீழே ஆசியா, மேலே சாக்சனி, புரிகிறதா? அந்த மேல்தளத்தில் ஒரு நீண்ட கூடம். அதில் உலகத்து விலங்குகளும் பறவைகளும், முடிந்தவரை நிஜ அளவில், பீங்கானில். 1730 வாக்கில் தொடங்கிய உத்தரவுகள் பெருகிப் பெருகிக் கிட்டத்தட்ட 600 உருவங்களுக்குப் போய் நின்றன. சிங்கம், யானை, காண்டாமிருகம், கரடி, குரங்கு, மயில், கழுகு, நாரை, வான்கோழி, வெள்ளாடு.

அதற்கு முன் பீங்கானில் சிலை இல்லையா என்றால், உண்டு. கைக்கு அடக்கமான பொம்மைகள். சீனாவிலேயேகூட இந்த அளவுக்கு விலங்கு செய்யத் துணிந்ததில்லை. அகஸ்டஸ் கேட்டது, ஆரம்பித்து இருபது வருஷமான ஒரு பட்டறையிடம்.

இந்த மனிதருக்கு விலங்குகள் மேல் அப்படி என்ன பிரியம் என்று கேட்டால், பதில் கொஞ்சம் கசப்பானது. ட்ரெஸ்டனில் அவரிடம் உயிருள்ள விலங்குகளின் கூடம் இருந்தது. சிங்கங்களுக்கு என்றே ஒரு வீடு இருந்தது. வட ஆப்பிரிக்காவுக்கு 1731இல் ஒரு பயணக்குழுவையே அனுப்பினார், விலங்குகள் பிடித்து வர. அதே மனிதர், முற்றத்தில் விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர். நரி எறிதல் என்று ஒரு கேளிக்கை உண்டு: இரண்டு பேர் ஒரு நீளத் துணியின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஓடும் விலங்கை வானத்தில் வீசி எறிவார்கள். யார் எறிந்தது அதிக உயரம் போகிறது என்று போட்டி. ட்ரெஸ்டனில் அவர் நடத்திய ஒரு போட்டியில் மட்டும் 647 நரிகளும் 533 முயல்களும் செத்தன என்று ஒரு கணக்கு சொல்கிறது. பீங்கான் கூடத்துக்குக் கேட்ட விலங்குகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அந்த நரிகளின் எண்ணிக்கை அளவு. தற்செயல்தான். ஆனாலும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கிர்ஷ்னர்தான் முதலில் வேலையை எடுத்தார். ஏற்கெனவே ஒருமுறை பட்டறையிலிருந்து நீக்கப்பட்டுத் திரும்பி வந்தவர். யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் அவர் கைவேலை. 1731 ஜூனில் யோஹான் யோவாக்கிம் கெண்ட்லர் வந்து சேர்ந்தார். பாதிரியார் மகன், வயது 25, அரண்மனைச் சிற்பியிடம் தொழில் கற்றவர். களிமண்ணில் அனுபவம் கிடையாது, கல்லும் மரமும்தான். அவர் செய்த முதல் காரியம், போய்ப் பார்த்தது. அரசரின் விலங்குக் கூடத்துக்குப் போனார், கூண்டுகளுக்கு முன்னால் நின்று வரைந்தார். உயிரோடு இல்லாதவற்றை அரச சேகரிப்பில் பஞ்சடைத்து வைத்திருந்த உடல்களில் பார்த்தார்.

அவருடைய வெள்ளாட்டைப் பாருங்கள். 1732இல் செய்தது. படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. கிட்டத்தட்ட நிஜ ஆட்டின் அளவு. தாய் ஆடு படுத்திருக்கிறது, குட்டி மடியில் முட்டிப் பால் குடிக்கிறது. ஆட்டின் முகத்தில் அந்த அலுப்பு இருக்கிறதே, பால் கொடுத்துக்கொண்டே வேறெதையோ பார்க்கிற அந்த முகம், அதை ஆடு வளர்த்த வீட்டில் யாரிடம் காட்டினாலும் சிரித்துவிடுவார்கள். முடி கற்றை கற்றையாக உடம்பில் படிந்து தரை வரை வழிகிறது. கிர்ஷ்னரின் காண்டாமிருகத்தில் இல்லாத கொம்பு இருக்கிறது. கெண்ட்லரின் ஆட்டில் எல்லாமே ஆட்டில் இருப்பதுதான். ஆனால் இரண்டில் எது கற்பனை என்று கேட்டால் நான் ஆட்டைத்தான் காட்டுவேன். காண்டாமிருகம் ஒரு படத்தை மண்ணில் எழுப்பி நிறுத்தியது. ஆடு என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று யோசிக்காமல் இந்த ஆட்டைச் செய்திருக்க முடியாது.

இப்படிச் சொல்வது கிர்ஷ்னருக்குக் கொஞ்சம் அநியாயம். அவருடைய சிங்கங்களில் நிஜமான கனம் இருக்கிறது. காண்டாமிருகத்துக்கு அவருக்கு வேறு வழியே கிடையாது, ஐரோப்பாவில் அப்போது பார்க்கக் கிடைக்கவில்லை. தவிரவும் கெண்ட்லர் போல வேகம் வராமல், 1733இல் வேலையை விட்டுப் போனார். அந்த இடம் கெண்ட்லருக்கு வந்தது. சாகும்வரை, 1775 வரை, மைசெனிலேயே இருந்தார்.

*

இதுவரை சொன்னது சிற்பிகளின் பக்கம். மண்ணின் பக்கம் வேறு.

வேலை நடக்கும் முறை இது. சிற்பி முதலில் சாதாரணக் களிமண்ணில் முழு உருவத்தையும் செய்கிறார். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் பீங்கான் களியை அழுத்திப் பதிக்கிறார்கள், உள்ளே பொள்ளலாக. காது, கால், வயிறு எல்லாம் தனித்தனியாக வெளியே வரும். களிக்கூழை வைத்து ஒட்டி முழு விலங்காக்குகிறார்கள். அப்புறம் காய வைப்பது. அவசரமே படக் கூடாது. பிறகு ஒரு சூடு, பளபளப்புப் பூச்சு, மறுபடியும் பெரிய சூடு. இந்தப் பயணத்தில் பீங்கான் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்குகிறது. கைக்கடக்கமான கிண்ணம் சுருங்கினால் ஒன்றுமில்லை. ஒரு மீட்டர் சிங்கம் சுருங்குகிறது என்றால், தலை ஒரு வேகம், மெல்லிய கால் ஒரு வேகம், கனத்த உடம்பு ஒரு வேகம். அந்த உச்ச வெப்பத்தில் பீங்கான் பாதி இளகிய நிலையில் வேறு இருக்கும். தன் கனத்தையே தாங்காது. அதனால்தான் இந்த விலங்குகளில் பலவற்றின் வயிற்றுக்கு அடியில் ஒரு மரக்கட்டையோ பாறையோ செடியோ முளைத்திருக்கும். அழகுக்கு என்று நினைப்போம். முட்டுக்கொடுத்தது அது.

முட்டுக்கொடுத்தும் வெடித்தது. விலா வெடித்தது, கழுத்து வெடித்தது, பீடம் இரண்டாகப் பிளந்தது. சூளையில் பல நாள் வேலை ஒரே இரவில் போனது. வெடித்ததைத் தூக்கிப் போடவும் முடியாது, ஏனென்றால் வெடிக்காதது அநேகமாக ஒன்றுமே இல்லை. களியின் சேர்மானத்தை மாற்றிப் பார்த்தார்கள். விரிசலை எதையாவது வைத்து அடைத்தார்கள். மைசெனில் வண்ணத்துக்குப் பேர்போன ஆள் இருந்தார், ஹெரோல்ட். ஆனால் அவருடைய வண்ணங்கள் ஏறுவதற்கு இன்னொரு முறை சூளைக்குள் போக வேண்டும். ஏற்கெனவே விரிசல் விட்ட சிங்கத்தை மறுபடி சூளைக்குள் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? எனவே பெரிய விலங்குகளுக்குச் சுடாத வண்ணம், மரப்பொம்மைக்குப் பூசுவது போல அரக்குப் பூச்சு. கொஞ்ச காலத்தில் அது கறுத்தது, உரிந்தது. பிற்காலத்தில் பலவற்றிலிருந்து சுரண்டியே எடுத்துவிட்டார்கள். இன்று நாம் வெள்ளை வெளேர் என்று பார்த்து, ஆகா என்ன எளிமை என்று வியக்கும் பல விலங்குகள் அரசரின் கண்ணுக்கு வண்ணத்தோடு போனவை.

இந்த இடத்தில் நம் ஊர்க் குதிரைகள் நினைவுக்கு வராமல் போகாது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஐயனார் கோயில்களில் ஆள் உயரத்துக்கும் மேலே மண்குதிரைகள் நிற்கின்றன. வேளார் கைகள் அரண்மனையும் பிளாஸ்டர் அச்சும் இல்லாமல் அவற்றை எழுப்புகின்றன. அது எப்படி நிற்கிறது, மைசென் சிங்கம் ஏன் வெடிக்கிறது? திறமைக் கணக்கு இல்லை இது. குதிரைக்கான மண்ணில் மணலும் உமியும் வைக்கோலும் கலந்திருக்கும். மூச்சு விடும் மண். கால்கள் குழாய் குழாயாகப் பொள்ளல். வறட்டியும் வைக்கோலும் போட்டு மூடிச் சுடும் சூடு, பீங்கான் சூளையின் சூட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. மண் கண்ணாடியாக இறுகுவதே இல்லை, அதனால் பெரிதாகச் சுருங்குவதும் இல்லை. பீங்கானுக்கு அந்தத் துளைகளே இருக்கக் கூடாது. ஒளி ஊடுருவ வேண்டும், தட்டினால் மணியோசை வர வேண்டும். எந்தக் குணத்துக்காக அகஸ்டஸ் அதை நேசித்தாரோ அதே குணம்தான் அவருடைய சிங்கத்தைப் பிளந்தது. ஐயனார் குதிரைக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. புரவி எடுப்பு வந்தால் புதுசு வரும், பழசு அதே இடத்தில் மழையில் கரைந்து மண்ணோடு போகும், யாரும் வருத்தப்படுவதில்லை. அகஸ்டஸின் யானை கரையக் கூடாது. காலத்துக்கும் நிற்க வேண்டும், சாக்சனியின் பெயர் சொல்லி.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அகஸ்டஸ் போய்விட்டார். 1733 பிப்ரவரி 1, வார்சாவில். ஆப்பிரிக்காவுக்குப் போன குழு திரும்பி வந்தபோது அனுப்பியவர் இல்லை. அவர் மகன் மூன்றாம் அகஸ்டஸ் கொஞ்ச காலம் வேலையைத் தொடரவிட்டார். அவருக்கு ஓவியங்களில்தான் பிரியம், அப்பாவின் விலங்குகளில் இல்லை. சில வருஷங்களில் உத்தரவு நின்றது. கேட்டபடி 600 முடியவில்லை, அந்த நீண்ட கூடமும் அவர் கனவு கண்ட மாதிரி முடியவில்லை. செய்து கொடுத்தவை மாளிகையின் கிடங்குக்கும் பிறகு பல சேகரிப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ட்ரெஸ்டனில் இருந்த பீங்கான்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1958இல் திரும்பின. அத்தனை அலைச்சலிலும் வராத விரிசல்கள் அவற்றில் முதல் நாள் சூளையிலேயே வந்தவை. அருகில் எடுத்த படங்களில் பார்க்கலாம்: விலாவில் ஓடும் பிளவு, கால் சேரும் இடத்தில் வாய் பிளந்த தையல்.

என் கண்ணுக்கு அந்த விரிசல்கள் கெடுதல் செய்யவில்லை. வழுவழுப்பான பொருளில் செய்த விலங்கு எப்போதும் மிட்டாய்த்தனமாகிவிடும் ஆபத்து உண்டு. அந்தப் பிளவுகள் உள்ளே கனம் இருக்கிறது என்று காட்டுகின்றன.

*

பெரியது முடியாது என்று தெரிந்த பிறகு மைசென் சிறியதில் கை தேர்ந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இதைத்தான் வெற்றி என்று சொல்லும், தப்பில்லை. மந்திரி ப்ரூல் பிரபுவுக்காகக் கெண்ட்லரும் எபர்லைன் என்ற சிற்பியும் 1737 முதல் சில வருஷங்கள் உழைத்து 'அன்னத் தொகுதி' என்ற விருந்துப் பாத்திரத் தொகுதியைச் செய்தார்கள். 2,200 உருப்படிகளுக்கும் மேலே. தட்டின் அடியிலிருந்து அன்னங்களும் நாரைகளும் தண்ணீரோடு எழுந்து வரும். மேலே சாப்பாட்டை வைத்தால் மறைந்துவிடும். விரிசல் ஒன்றும் கிடையாது. 1753இல் குரங்கு இசைக்குழு: கோட்டும் பொய்முடியும் அணிந்த குரங்குகள் வயலின் வாசிக்கின்றன, பாடுகின்றன. இன்றுவரை விற்பனையாகும் சரக்கு.

அதே 1737இல் இன்னொரு வெள்ளாடு வந்தது. ப்ரூலின் தையல்காரர், அரச விருந்தில் தானும் ஒருமுறை உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். ப்ரூல் என்ன செய்தார் என்றால், தையல்காரரைப் பீங்கானில் செய்யச் சொல்லி விருந்து மேஜையில் கொண்டுபோய் வைத்தாராம். கதை எவ்வளவு நிஜமோ, பொம்மை நிஜம். கெண்ட்லர் செய்தது. கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் சுற்றித் தொங்க, மூக்குக்கண்ணாடி போட்ட தையல்காரர் ஒரு கிடாவின் மேல் உட்கார்ந்து போகிறார். ஆசைப்பட்ட ஒரு உழைப்பாளியைக் கேலி செய்ய ஒரு ஆடு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே வேறெங்கோ பார்த்த அந்த ஆட்டைச் செய்த அதே கை. நுணுக்கத்தில் குறையே சொல்ல முடியாது, கிடாவின் கொம்பு வளையம் வளையமாகத் துல்லியம். ஆனால் இந்தக் கிடா என்ன நினைக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. அது வாகனம், அவ்வளவுதான்.

கெண்ட்லருக்குக் கடைசியில் காண்டாமிருகமும் பார்க்கக் கிடைத்தது. வங்காளத்திலிருந்து ஒரு டச்சுக் கப்பல் தலைவர், வேடர்களிடம் தாயை இழந்த ஒரு பெண் காண்டாமிருகத்தை 1741இல் ராட்டர்டாமுக்குக் கொண்டுபோனார். அதற்குக் கிளாரா என்று பெயர். பதினேழு வருஷம் ஊர் ஊராக வண்டியில் ஏற்றிக் காசு வாங்கிக் காட்டினார்கள். 1747 ஏப்ரலில் ட்ரெஸ்டனுக்கு வந்தபோது மூன்றாம் அகஸ்டஸ் போய்ப் பார்த்தார், கெண்ட்லர் உருவம் எடுத்தார். ட்யூரரின் கொம்பு அவர் கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போயிருக்கும். மடிப்பு மடிப்பான நிஜத் தோல், கவசம் கிடையாது. இருநூற்று முப்பது வருஷப் பொய் அந்த ஒரு மாதத்தில் முடிந்தது.

அதை வைத்து அவர் ஒரு மீட்டர் காண்டாமிருகம் செய்யவில்லை. கேட்க யாரும் இல்லை. 1752 வாக்கில் மைசெனிலிருந்து வந்தது ஒரு சின்ன மேஜைப் பொம்மை. காண்டாமிருகம் சரியாக இருக்கிறது, தோல் மடிப்பும் கொம்பும் இருக்க வேண்டிய இடத்தில். அதன் முதுகில் தலைப்பாகை கட்டிய ஒரு துருக்கியர் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார்.

கிளாரா 1758இல் லண்டனில் இறந்தது, இருபது வயசில். அப்போதும் காட்சி நடந்துகொண்டிருந்தது.